எண்ணெய் மிதக்காத குழம்பு

எங்கள் வீட்டு எண்ணெய்க் கணக்கை நான் முதன்முதலாகப் போட்டது போன வருடம் மார்ச் மாதம். 23 வருடமாகச் சமைக்கிறேன். அரிசி எத்தனை டம்ளர், பருப்பு எத்தனை கைப்பிடி என்பதெல்லாம் தெரியும். எண்ணெய்க்கு மட்டும் அளவு கிடையாது. எண்ணெய்த் தூக்கைச் சாய்ப்பேன், கை போதும் என்றதும் நிறுத்துவேன்.

அந்தக் கை எவ்வளவு ஊற்றுகிறது என்று பார்க்க வேண்டி வந்தது, பிப்ரவரியில் என் கணவரின் ரத்தப் பரிசோதனை வந்த பிறகு. மூணு மாச சுகர் (HbA1c) 7.4. ரத்தத்தில் இருக்கும் கொழுப்பு வகையான ட்ரைகிளிசரைடு 268. இரண்டுமே கூடுதல். இவர் வெளியே அதிகம் சாப்பிடாதவர். மதுரையில் இருந்துகொண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் பரோட்டாக் கடைப் பக்கம் போவார். "வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்" என்று இவர் சொன்னதற்கு, "வீட்டுச் சாப்பாட்டுலயும் எண்ணெய், சோறு ரெண்டும் இருக்கே" என்றார் அவர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த மனிதர் சாப்பிட்டதெல்லாம் நான் சமைத்தது.

பயத்தில் முதல் இரண்டு வாரம் தவறான வழியில் போனேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் வேகவைத்த காய், இரவு சுக்கா சப்பாத்தி. என் மாமியார், நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம், மூன்றாம் நாளே தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள். "என்னம்மா இது, காய்ச்சக்காரனுக்குப் போடுற மாதிரி போடுறே" என்றார்கள். கல்லூரியில் படிக்கும் மகன் ஒன்றும் சொல்லவில்லை, இரவில் வெளியே சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தான். இவர் மட்டும் தலையைக் குனிந்து சாப்பிட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தண்டனை மாதிரி சாப்பிடும் சாப்பாட்டை யாரும் ஆறு மாதம் தொடர முடியாது. நமக்குத் தெரிந்த குழம்பையும் பொரியலையுமே வேறு மாதிரி வைக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

மார்ச் 1-ஆம் தேதி எண்ணெய் வாங்கி, ஒவ்வொரு பாக்கெட்டிலும் தேதி எழுதி வைத்தேன். கடலை எண்ணெய் 2 லிட்டர், நல்லெண்ணெய் 1 லிட்டர், சூரியகாந்தி 2 லிட்டர். 31-ஆம் தேதி ஐந்து லிட்டரும் காலி. எண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம் எடை இருக்கும். ஐந்து லிட்டரை நாலு பேருக்கும் 31 நாளுக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 37 கிராம், அதாவது எட்டு டீஸ்பூன். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி என்றால் எண்ணெயிலிருந்து மட்டும் 330 கலோரிக்கு மேல். மாதம் அரை கிலோ நெய் இதில் சேரவில்லை.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பித்து வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அதில் இருக்கும் தட்டு இப்படி: தானியம் 250 கிராம், கீரையும் காயும் சேர்த்து 400 கிராம், பருப்பு வகை 85 கிராம், எண்ணெய் 27 கிராம். அந்த எண்களுக்கு நேரே எங்கள் வீட்டு எண்களை எழுதினேன். எண்ணெய் கூடுதல், தானியம் கூடுதல், பருப்பு குறைவு. காய் பாதிகூட இல்லை. நாலு பேருக்கு 1600 கிராம் காய் வேண்டிய இடத்தில் அரை கிலோ, முக்கால் கிலோவில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

செக்கு எண்ணெய்தானே, நல்லதுதானே என்று தோழிகள் கேட்டார்கள். நானும் செக்கு எண்ணெய்தான் வாங்குகிறேன், அந்த மணம் எனக்கு வேண்டும். ஆனால் செக்கில் ஆட்டினாலும் ஆலையில் எடுத்தாலும் கலோரி ஒன்றுதான். நல்ல எண்ணெய் என்பதாலேயே கூட ஊற்றிக்கொள்ளலாம் என்று நான் பல வருடம் நம்பியிருந்தேன்.

சரி, எப்படிக் குறைப்பது? ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் எடுத்தேன். காலையில் அடுப்பு பற்ற வைக்கும் முன் 80 மில்லி எண்ணெய் அதில் அளந்து ஊற்றி மேடையில் வைத்துவிடுவேன். அன்றைக்கு முழுக்க அவ்வளவுதான். டீஸ்பூன் கணக்கில் பதினாறு. காலைப் பலகாரத்துக்கு மூன்று, குழம்புக்கு நாலு, பொரியலுக்கு இரண்டு, ரசத்துக்கு ஒன்று, இரவுக்கு நாலு, மிச்சம் இரண்டு கையிருப்பு. தூக்கிலிருந்து நேராக ஊற்றுவதை விட்டதுதான் நான் செய்த மாற்றங்களிலேயே பெரியது. கிண்ணத்தில் எண்ணெய் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தால் கை தானாக நிதானிக்கிறது.

குழம்புதான் கடினமாக இருந்தது. நமக்குச் சொல்லிக்கொடுத்த அடையாளமே "எண்ணெய் பிரிஞ்சு வரணும்" என்பதுதான். எண்ணெய் மேலே வந்தால் குழம்பு ஆயிற்று. நாலு ஸ்பூனில் எண்ணெய் பிரியாது. முதல் சில நாள் எப்போது இறக்குவது என்றே தெரியாமல், பச்சை வாடையோடு இறக்கினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். எண்ணெய் ஏன் பிரிகிறது? மசாலாவில் இருக்கும் தண்ணீர் சுண்டிப்போனதும், பிடித்து வைக்க ஆளில்லாமல் எண்ணெய் வெளியே வருகிறது. அப்படியானால் நான் பார்க்க வேண்டியது தண்ணீர் சுண்டுவதை. அதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. மசாலா சட்டியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு ஒரே உருண்டையாக வரும். நிறம் ஒரு படி கருக்கும். கொதிக்கும் சத்தம் மாறும்: முதலில் சளசள என்று இருப்பது, கெட்டியானதும் பொளக் பொளக் என்று வரும். புளியின் பச்சை வாடை போய் மூக்குக்கு இனிப்பாக ஒரு வாசம் எட்டும். இப்போதெல்லாம் காதாலும் மூக்காலும்தான் குழம்பை இறக்குகிறேன்.

வெங்காயம் வதக்கவும் ஒரு ஸ்பூன் போதும். அடி கனமான சட்டி, சின்ன வெங்காயம், ஒரு சிட்டிகை உப்பு, தீயைக் குறைத்து மூடி. உப்பு வெங்காயத்தின் தண்ணீரை இழுத்து வெளியே விடும், அந்தத் தண்ணீரிலேயே அது வதங்கும். பிறகு மூடியை எடுத்துத் தீயைக் கூட்டினால் சிவக்கும். அடி பிடித்தால் எண்ணெய்க்குப் பதில் ஒரு கை தண்ணீர் தெளித்துக் கிளறினால் பிடித்தது கரைந்து குழம்பில் சேர்ந்துவிடும். கொஞ்சம் நேரம் கூடப் பிடிக்கும், அதை மறைக்க முடியாது.

அப்புறம் தாளிப்பு. கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாவற்றின் மணமும் எண்ணெயில்தான் இறங்குகிறது. அதை ஆரம்பத்திலேயே போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் பாதி மணம் ஆவியோடு போய்விடும். நான் இப்போது வெங்காயமும் மசாலாவும் சேர்த்து இரண்டு ஸ்பூனில் வதக்கி, மிச்சம் இரண்டு ஸ்பூனைத் தாளிப்புக் கரண்டியில் காயவைத்து, இறக்கும்போது கொட்டி உடனே மூடிவிடுகிறேன். வாயில் முதலில் படுவது மேலே நிற்கும் அந்த எண்ணெய்தான். குறைவாக இருக்கிறது என்று நாக்குக்குத் தெரிவதில்லை. குழம்பு நீர்க்க இருந்தால் வறுத்த துவரம்பருப்பு பொடி ஒரு ஸ்பூன், அல்லது வதக்கிய வெங்காயத்தில் பாதியை அரைத்து விட்டால் போதும்.

இவ்வளவு செய்தும் அத்தைக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "குழம்புல எண்ணெய் மிதக்கணும்மா" என்று ஏப்ரல் முழுக்கச் சொன்னார்கள். ருசி சரியாக இருக்கிறதா என்று கேட்டால் "ருசியாத்தான் இருக்கு" என்பார்கள், ஆனாலும் மிதக்க வேண்டும். ஒரு மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டே அவர்களாகவே சொன்னார்கள்.

"எங்க ஆத்தா வீட்டுல தாளிக்க மட்டும்தான் எண்ணெய். சின்ன புட்டில வாங்கிட்டு வருவேன். கல்லுல துணிய நனைச்சுத் தேய்க்கும் எங்க ஆத்தா. சோளச்சோறு, கம்மங்கூழு. நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீவாளிக்கும்தான். இந்த வீட்டுக்கு வந்து, உன் மாமனாரு மாசம் ஒரு டின்னு எண்ணெய் இறக்குன அன்னைக்கு நான் வச்ச குழம்புல ஒரு விரக்கடை எண்ணெய் நின்னுச்சு. பாத்துக்கிட்டே இருந்தேன்."

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் மானாவாரிக் காட்டில் வளர்ந்தவர்கள் அத்தை. அவர்களுக்கு மிதக்கும் எண்ணெய் ருசி அல்ல, பஞ்சம் தாண்டி வந்ததற்கு அத்தாட்சி. நான் எண்ணெயைக் குறைத்தபோது அவர்கள் கண்ணுக்கு நான் அந்தப் பழைய அடுப்படியைத் திரும்பக் கொண்டுவந்த மாதிரி இருந்திருக்கிறது. அன்றைக்கு நான் அவர்களிடம் எந்தக் கணக்கும் பேசவில்லை. "அப்ப உங்க ஆத்தா எப்படி வப்பாங்க, சொல்லுங்க அத்தை" என்று மட்டும் கேட்டேன்.

அதிலிருந்து அவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். பாசிப்பருப்பும் சுரைக்காயும் சீரகமும் போட்டு, எண்ணெயே இல்லாமல் ஒரு கூட்டு. கீரையை உப்பும் பூண்டும் போட்டு வேகவைத்து மண்சட்டியில் மத்தால் கடைவது. கொள்ளை வேகவைத்த தண்ணீரில் ரசம், வெந்த கொள்ளை அரைத்துத் துவையல். பீர்க்கங்காயின் தோலைக்கூட வீணாக்காமல் உளுந்தும் மிளகாயும் வறுத்து ஒரு துவையல். கருவாட்டுக் குழம்புக்கும் அவர்கள் ஆத்தா எண்ணெய் ஊற்றியதில்லையாம், தேங்காய்த் துண்டு இரண்டை மிளகாயோடு அரைத்துவிட்டால் அதுவே எண்ணெய் விடும் என்றார்கள். ஆரோக்கியச் சமையல் என்று நான் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது.

இன்னொன்றும் அத்தைதான் விளக்கினார்கள். எண்ணெய் மிதந்தால் வத்தக்குழம்பு மூன்று நாள் கெடாது, ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் அதற்காகவும்தான் ஊற்றினோம் என்றார்கள். அது உண்மை. இப்போது நான் வைக்கும் வத்தக்குழம்பு மறுநாளுக்கு மேல் நிற்பதில்லை. அதனால் கொஞ்சமாகத்தான் வைக்கிறேன்.

எண்ணெய்க் கத்திரிக்காயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இவருக்கு உயிர் அது. கத்திரிக்காயின் சதை பஞ்சு மாதிரி. உள்ளே முழுக்கக் காற்று. பச்சையாக எண்ணெயில் போட்டால் அத்தனையும் குடித்துவிடும், இன்னும் கேட்கும். நாலாகக் கீறிய பிஞ்சுக் கத்திரிக்காயை இட்லிப் பானையில் ஏழெட்டு நிமிடம் ஆவியில் வைத்து எடுத்தால் அந்தக் காற்றெல்லாம் போய்ச் சதை அமுங்கிவிடும். அதற்குப் பிறகு குடிக்க இடமில்லை. மல்லி, மிளகாய், கடலைப்பருப்பு, எள் வறுத்துப் பொடித்து உள்ளே அடைத்து, இரும்புச் சட்டியில் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயில் புரட்டிப் புரட்டி எடுத்தால் தோல் சுருங்கி நிறம் வந்துவிடும். முன்பு இதற்கு ஒரு குழிக்கரண்டி போதாது. சேப்பங்கிழங்குக்கும் வாழைக்காய்க்கும் இதே முறைதான்: முக்கால் பதம் வேகவைத்து, மசாலா பூசி, தோசைக்கல்லில்.

காய்க்காக வாரம் இரண்டு நாள் காலை ஆறரைக்குள் அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போகிறேன். 1999-இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாகத் திறக்கப்பட்டது அது. நாலு பேருக்கு வாரத்துக்கு ஒன்பது, பத்து கிலோ காய் வாங்குகிறேன் என்றால் முதலில் எனக்கே மலைப்பாக இருந்தது. ப்ரோக்கோலியும் சிவப்புக் குடைமிளகாயும் அதில் கிடையாது. அவரை, புடலை, கொத்தவரை, பூசணி, சௌசௌ, முருங்கைக்கீரை, வாழைப்பூ இவைதான். பொரியலில் காயின் அளவை இரண்டு மடங்காக்கினேன். தேங்காய்த் துருவல் மட்டும் பழைய அளவில் பாதி, அதுவும் அடுப்பை அணைத்த பிறகு.

சோற்றை யாருக்கும் நான் குறைத்துப் போடவில்லை. போடும் வரிசையை மாற்றினேன். முதலில் தட்டில் பொரியலும் கூட்டும், அதைக் கொஞ்சம் சாப்பிட்ட பிறகு சோறு. மூன்றாவது வாரம் சோறு மிஞ்ச ஆரம்பித்தது. 600 கிராம் அரிசி போட்ட இடத்தில் இப்போது 400 போதுமாக இருக்கிறது. கஞ்சி வடித்தால் சர்க்கரை ஏறாது என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு. வடித்தாலும் அது சோறுதான், தட்டில் அளவு கூடினால் சர்க்கரை கூடும். சிறுதானியமும் அப்படித்தான். 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று வந்ததும் எல்லா வீட்டிலும் வரகும் சாமையும் நுழைந்தன, நல்லது. ஆனால் அரிசியும் சாமையும் கலோரியில் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூட, அதனால் கொஞ்சத்திலேயே வயிறு நிறையும். நிறைந்த பிறகும் அதே அளவு சாப்பிட்டால் பயன் கிடைக்காது.

இட்லி மாவுக்கு இப்போது என் அளவு: இட்லி அரிசி இரண்டு பங்கு, வரகு ஒரு பங்கு, முழு உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு ஸ்பூன். இட்லி மெத்தென்று வருகிறது. தோசைக்குப் பழகிய இரும்புக்கல்லில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் போதும், அத்தையின் ஆத்தா துணியால் தேய்த்த அதே வேலை. சட்னியில் தேங்காயைப் பாதியாக்கி, வதக்கிய தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி என்று மாற்றிக்கொண்டேன். பால் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சுப் பாக்கெட்டிலிருந்து 3 சதவீத நீலத்துக்கு மாறியது. லிட்டருக்கு 30 கிராம் கொழுப்பு அதிலேயே போனது. தயிர் கொஞ்சம் இளகலாக உறைகிறது, மோருக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை கறி உண்டு, அதை நிறுத்தும் எண்ணமே இல்லை. சனி இரவே ஆட்டுக்கறியை மஞ்சள், இஞ்சி, பூண்டு போட்டுக் குக்கரில் வேகவைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். காலையில் மேலே வெள்ளையாகத் தகடு மாதிரி கொழுப்பு உறைந்து நிற்கும், கரண்டியால் அப்படியே எடுத்துவிடலாம். முதல் தடவை அதை அள்ளித் தட்டில் வைத்தபோது இவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அந்தச் சாறிலேயே குழம்பு. சுக்காவுக்கு நான் எண்ணெயே ஊற்றுவதில்லை, ஒட்டியிருக்கும் கொழுப்பில் அதுவே வறுபடும்.

செப்டம்பரில் மறுபடி பரிசோதனை செய்தோம். மூணு மாச சுகர் 6.6, ட்ரைகிளிசரைடு 171. மாத்திரையும், இவர் தினமும் நடக்கும் நாற்பது நிமிடமும் இதில் சேர்த்தி, சமையல் மட்டும் செய்த வேலை என்று சொல்ல மாட்டேன். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைக்காதீர்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மே மாதம் ஒரு மத்தியானம் இவருக்குச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி வேர்த்துவிட்டது. நாங்கள் பயந்துபோனோம். பிறகு மாத்திரை அளவைக் குறைத்தார்கள்.

எண்ணெய் மாதம் இரண்டரை லிட்டரில் நிற்கிறது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டோம், அந்த மாதம் நாலு ஆனது. வடையைச் சட்டியில் முக்காமல் நன்றாகச் செய்யும் வழி எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பணியாரக் குழியில் ஊற்றிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது வடை இல்லை. மாதம் ஒரு நாள் உளுந்தவடையை வடையாகவே சுடுகிறேன், ஆளுக்கு இரண்டு. மகன் இப்போது இரவில் வீட்டில் சாப்பிடுகிறான்.

அத்தை போன வாரம் புளிக்குழம்பு தாமே வைக்கிறேன் என்று சொல்லி அடுப்புக்கு முன்னால் நின்றார்கள். கிண்ணத்தில் இருந்த எண்ணெயைப் பார்த்தார்கள், "இதான் இன்னைக்கா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். முழுவதையும் சட்டியில் ஊற்றிவிட்டார்கள். அன்று இரவு தோசை கிடையாது, இட்லிதான் என்று முடிவாயிற்று. குழம்பு மிகவும் நன்றாக இருந்தது.

நாளைக்கு வாழைத்தண்டு. நாரெடுத்து நறுக்கி இப்போதே மோர்த்தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் காலையில் கறுத்துப்போகும்.